ஏரியின் வருவாயும் ஏரியின் பராமரிப்பும்: நிலைத்த ஊரக வாழ்வு குறித்த ஒரு நிறுவனவியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வளரும் நாடுகளில் ஊரக வாழ்வை நிலைபெறச் செய்ய மேற்கொள்ளப்படும் முயற்சிகள் பெரும்பாலும் கட்டுமானத்தில் தொடங்கிக் கட்டுமானத்திலேயே முடிந்துவிடுகின்றன. கட்டியதை ஆண்டுதோறும் யார் காப்பது, எந்த வருவாயைக் கொண்டு காப்பது என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறுவதில்லை. தமிழகத்தின் ஏரிப்பாசனத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாக்களை ஆராய்கிறது. ஏரி தரும் வருவாயில் ஒரு பங்கு ஏரிக்கே திரும்பிய காலத்தில் அதன் பராமரிப்பு வழக்கமாக நடந்தது. வருவாய் ஓரிடத்திலும் உழைப்புக் கடமை வேறிடத்திலும் பிரிந்தபோது ஏரி தளர்ந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கல்வெட்டுச் செய்திகள், காலனிய ஆட்சியின் நிருவாக வரலாறு, விடுதலைக்குப் பிந்தைய புனரமைப்புத் திட்டங்கள் ஆகியவை இதற்குத் துணையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆந்திரத்தின் கர்நூல் பகுதி, மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாடு ஆகியவற்றின் அனுபவங்கள் ஒப்பீட்டுக்காகச் சுட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ஏரிப்பாசனம், குடிமராமத்து, ஏரி வாரியம், பொதுவள மேலாண்மை, ஆயக்கட்டு, ஊரக நிலைபேறு.

முன்னுரை

நிலைபேறு என்னும் சொல் ஊரக வளர்ச்சி குறித்த எழுத்துகளில் இன்று மிகுதியாகப் பயில்கிறது. ஓர் ஊரில் வாழ்வோர் தம் உணவு, நீர், தொழில் ஆகியவற்றை அடுத்த தலைமுறைக்கும் குறைவின்றி விட்டுச்செல்லும் நிலை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இப்பொருளில் நோக்கினால், ஓர் ஊரின் நிலைபேறு பெரும்பாலும் அதன் பொதுவளங்களின் நிலையைப் பொறுத்தது. தனியார் நிலத்தில் ஏற்படும் பழுதை உரியவர் சரிசெய்துகொள்வார். ஏரி, மேய்ச்சல் நிலம், ஊர்க்காடு போன்றவை பழுதுபடும்போது, சரிசெய்யும் கடமை யாருடையது என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய சிக்கலாகிறது.

தமிழகத்தில் இவ்வினாவுக்கு ஏரியைவிடப் பொருத்தமான களம் அமைவது அரிது. மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டரைச் சற்றே கடப்பது. அதில் பாதிக்கு நெருக்கமான பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாள்களில் மட்டுமே கொட்டித் தீர்க்கிறது. விழும் நாளில் பிடித்து வைக்காவிட்டால் அந்நீர் கடலையே சேரும். ஆற்றுப் பாசனம் எட்டாத வறண்ட சமவெளிகளில் நெல் விளைந்ததற்கும் ஊர்கள் நிலைத்ததற்கும் இந்த ஏரிகளே அடிப்படை.

1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேர் நிலம் ஏரி நீரால் விளைந்தது. அது அன்றைய நிகரப் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2000ஆம் ஆண்டையொட்டி அப்பரப்பு 6 லட்சம் ஹெக்டேருக்கும் கீழே சென்றது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் இது மேலும் சுருங்குகிறது. மழைக்குறைவு, ஆக்கிரமிப்பு, வண்டல் படிவு எனப் பல காரணங்கள் இதற்குக் கூறப்படுகின்றன. அவை யாவும் உண்மையே. எனினும் வண்டலும் ஆக்கிரமிப்பும் எக்காலத்திலும் இருந்தவை. அவற்றை ஆண்டுதோறும் எதிர்கொண்ட ஏற்பாடு ஏன் நின்றது என்பதையே இங்கு ஆராய வேண்டியுள்ளது.

ஏரியின் உறுப்புகளும் அவற்றுக்கான பணிகளும்

ஏரியை ஒரு நீர்த்தேக்கமாக மட்டும் காண்பது அதன் இயக்கத்தை மறைத்துவிடும். மழைநீர் திரளும் நீர்ப்பிடிப்புப் பகுதி, அந்நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், நீரைத் தாங்கும் கரை, நீரை அளந்து வெளியேற்றும் மடை, மிகை நீரை வழியவிடும் கலிங்கு, வயலுக்குச் செல்லும் வாய்க்கால், பயன்பெறும் ஆயக்கட்டு என ஏழு உறுப்புகள் அதற்கு உண்டு. ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் கீழுள்ள ஏரிக்கு வரத்தாகும்படி ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்திருப்பதும் தமிழகத்தின் பொது இயல்பு. ஆகவே ஓர் ஊரின் பராமரிப்புக் குறைபாடு அடுத்த ஊரையும் பாதிக்கிறது.

இந்த உறுப்புகள் ஒவ்வொன்றும் ஆண்டுப் பணியை வேண்டுகின்றன. மழைக்கு முன் வரத்துக்காலைத் தூர்வார வேண்டும். கரையின் தாழ்ந்த இடங்களை மண் கொட்டி உயர்த்த வேண்டும். மடையின் அடைப்பைச் சரிபார்க்க வேண்டும். மழைக்காலத்தில் இரவும் பகலும் கரையைக் காக்க ஆள் வேண்டும். நீர் நிறைந்தபின் மேல்மடை, கீழ்மடை, கடைமடை என முறை வைத்துப் பாய்ச்ச நீர்க்கட்டி வேண்டும். வடமாவட்டங்களில் நீராணிக்காரர், கம்புகட்டி என்றும் தென்மாவட்டங்களில் மடைக்குடும்பர், நீர்ப்பாய்ச்சி என்றும் வழங்கப்பெற்ற இவர்களுக்கு அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி அளக்கப்பட்டது.

இப்பணிகளின் அளவை ஒரு கணக்கால் விளக்கலாம். 20 ஹெக்டேர் நீர்ப்பரப்பு கொண்ட ஓர் ஏரியில் ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் வண்டல் படிவதாகக் கொள்வோம். அது 1,000 கனமீட்டர் மண். ஓர் இழுவைப் பெட்டியில் 3 கனமீட்டர் ஏற்றினால் ஏறத்தாழ 330 நடை. 40 ஹெக்டேர் ஆயக்கட்டில் அதைப் பரப்பினால் ஹெக்டேருக்கு 8 நடைக்குச் சற்று மேல் வரும். ஆண்டுதோறும் எடுத்தால் ஊரால் தாங்கக்கூடிய வேலை இது. வயலுக்கு உரமும் ஆகும். பத்தாண்டுகள் விட்டுவிட்டால் 10,000 கனமீட்டர் கொள்ளளவு போய்விடும். நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை எனக் கொண்டால் ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் பயிரின் நீர் ஒவ்வொரு முறை ஏரி நிறையும்போதும் இழக்கப்படுகிறது. அதற்குப்பின் அவ்வேலை ஊரின் கையை மீறி இயந்திரத்தையும் ஒப்பந்ததாரரையும் அரசு நிதியையும் எதிர்பார்க்கும் வேலையாகிவிடுகிறது. சிறிய ஆண்டுச் செலவைத் தவிர்ப்பதே பெரிய புனரமைப்புச் செலவை உண்டாக்குகிறது.

ஏரிக்கென ஒதுக்கிய வருவாய்: கல்வெட்டுகள் காட்டும் நிலை

பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்னும் சொல் பயில்கிறது. ஏரியின் பராமரிப்புக்கென விளைவை ஒதுக்கிய நிலத்தை அது குறிக்கும். ஏரிக்காகத் தண்டப்பட்ட ஏரிஆயம் பற்றிய குறிப்புகளும் உள்ளன. ஓடம் விட்டு ஏரிக்குழியில் மண் அள்ளுவதற்காகப் பொன்னும் நிலமும் அறக்கொடையாக வைக்கப்பட்டன. கொடையின் முதல் ஊர்ச் சபையிடம் இருக்க, அதன் வட்டியிலோ விளைவிலோ ஆண்டுப் பணி நடந்தது. ஏரியை வெட்டியவரின் பெயரைச் சொல்லும் கல்வெட்டுகளைப் போலவே, அதைக் காப்பதற்கு முதல் வைத்தவரின் பெயரைச் சொல்லும் கல்வெட்டுகளும் உள்ளன என்பது கருதத்தக்கது. ஓர் அறத்தைக் காப்பவரின் திருவடி தம் தலைமேல் என்று கொடையாளர் கூறும் மரபும் பராமரிப்புக்கு அக்காலம் அளித்த மதிப்பைக் காட்டும்.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) இவ்வேற்பாட்டின் நிருவாகப் பக்கத்தைக் காட்டுகின்றன. 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவை அமைக்கப்பட்டன. ஏரி வாரியத்திற்கு உறுப்பினர் 6 பேர். உறுப்பினர் 360 நாள்களே பொறுப்பில் இருந்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கத் தகுதியற்றவர் எனவும் விதிக்கப்பட்டது. இந்த விதி இக்கட்டுரைக்கு மிக முக்கியமானது. கணக்குக் காட்ட வேண்டிய கடமை எழுதப்பட்டிருப்பதிலிருந்து வாரியத்தின் கையில் வருவாய் இருந்தது என்பதை உய்த்துணரலாம்.

இதை முழுமையான ஊர்க்குடியாட்சியாகப் புகழ்வது பொருந்தாது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். வாரியத்தில் அமரச் சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் வேண்டும். பெண்களுக்கும் உழைப்பாளருக்கும் அங்கு இடமில்லை. தென்மாவட்ட ஏரிகளை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலில், ஏரிகள் அரச அதிகாரத்தோடும் சாதிப் படிநிலையோடும் பிணைந்தே இயங்கின என்றும், தன்னிறைவான பழைய ஊர்ச் சமூகம் என்னும் சித்திரம் பெருமளவு பிற்காலத்தின் ஆக்கம் என்றும் வாதிடுகிறார். அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் இக்கட்டுரையின் கருதுகோளுக்குக் குறைவில்லை. ஆண்டவர் யாராயினும், ஏரியின் விளைவில் ஒரு பங்கு ஏரிக்கென நின்றது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் செய்தி.

காலனிய ஆட்சியில் வருவாயும் கடமையும் பிரிந்தமை

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியில் எடுத்த கணக்கெடுப்பு, களத்து நெல் பிரிக்கப்படும் முன்பே ஊர்ப் பணியாளர்க்கும் நிறுவனங்களுக்கும் பங்குகள் அளக்கப்பட்டதைக் காட்டுகிறது. ஏரிப் பராமரிப்பும் அப்பங்குகளுள் ஒன்று. சில பகுதிகளில் ஏரி அமைத்தவர்க்கும் காத்தவர்க்கும் தசபந்த இனாம் என நிலவருவாயில் ஒரு பகுதி விடப்பட்டது.

தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ரயத்துவாரி முறை பரவியபோது இந்த அமைப்பு மாறியது. விளைச்சலின் பங்கு நிலவரியாகத் திரட்டப்பட்டது. நஞ்சை நிலத்தின் உயர்ந்த தீர்வையில் நீருக்கான கட்டணமும் அடங்கியிருந்தது. ஏரி நீரால் பெருகிய வருவாய் நேரே அரசுக் கருவூலத்திற்குச் சென்றது. ஊரிடம் எஞ்சியது உழைப்புக் கடமை. அக்கடமைக்கே குடிமராமத்து என்னும் பெயர் நிருவாக ஆவணங்களில் நிலைபெற்றது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கத்தால் கடமைப்பட்ட குடிகளை அவ்வேலைக்கு உட்படுத்தவும் தவறியவர்களிடம் பணம் வசூலிக்கவும் இடமளித்தது. வழக்கமாக நடந்த ஒன்றைச் சட்டத்தால் வற்புறுத்த நேர்ந்ததே அவ்வழக்கம் தளர்ந்துகொண்டிருந்ததற்குச் சான்று. கருவூலத்திற்குத் தீர்வையும் செலுத்தி, கூலியின்றி உழைப்பும் தர வேண்டிய குடியானவர்க்கு இரண்டாவது கடமை நியாயமாகத் தோன்றவில்லை.

1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்திற்குப் பின் 1883இல் ஏரி மீட்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏரி ஏரியாக அளந்து, கரை உயரம், மடை, கலிங்கு, ஆயக்கட்டு ஆகியவற்றைப் பதிவு செய்த குறிப்பேடுகள் அதன் பயன். அவை பொறியியல் நோக்கில் அரிய ஆவணங்கள். ஆனால் ஏரியின் வருவாய், அதன் ஆண்டுச் செலவுக்கான வழி ஆகிய நிறுவன வினாக்களுக்கு அத்திட்டம் விடையளிக்கவில்லை. பெரிய பணி பொதுப்பணித் துறையினுடையது, சிறிய பணி குடிகளுடையது என்னும் பிரிவினை மட்டும் உறுதிப்பட்டது. எது சிறிய பணி என்பதில் இரு தரப்பும் வேறுபட்டபோது பணி நடைபெறாமல் நின்றது.

விடுதலைக்குப் பின்: துறைகள் பலவாகிய ஏரி

1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டம் இராமநாதபுரம், சிவகங்கை போன்ற பகுதிகளின் எண்ணற்ற கண்மாய்களை அரசின்கீழ்க் கொண்டுவந்தது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு கொண்டவை பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் உரியனவாயின. நிலச் சீர்திருத்த நோக்கில் இச்சட்டமும் 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டமும் இன்றியமையாதவை. அவற்றின் பக்கவிளைவாக, பணிக்கென விடப்பட்டிருந்த மானிய நிலங்கள் தனியுடைமையாயின. பணிக்கு வேறு ஊதிய ஏற்பாடு செய்யப்படவில்லை.

இன்றைய நிலையில் ஓர் ஏரியை எத்தனை அலுவலகங்கள் ஆள்கின்றன என எண்ணிப் பார்க்கலாம். நிலம் வருவாய்த் துறையினுடையது. கரையும் மடையும் நீர்வளத் துறையினுடையவை அல்லது ஒன்றியத்தினுடையவை. மீன்பிடி உரிமை மீன்வளத் துறையாலோ ஊராட்சியாலோ குத்தகைக்கு விடப்படுகிறது. 1981 முதல் சுவீடன் உதவியுடன் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் நடப்பட்ட கருவேல மரங்கள் வனத் துறையின் வழியே ஏலம் போயின. மண் எடுக்கும் உரிமை கனிமவள விதிகளுக்கு உட்பட்டது. ஒவ்வொரு பயனுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஏரி முழுமைக்கும் ஒரு கணக்கு இல்லை.

இதற்குள் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1960களுக்குப் பின் மின்இறைப்பான்கள் பெருகின. 1980களின் நடுவில் சிறு விவசாயிகளுக்கும் பின்னர் அனைத்து விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. இன்று மாநிலத்தின் நிகரப் பாசனத்தில் பாதிக்கும் மேற்பட்டது கிணற்றுப் பாசனம். ஆயக்கட்டில் கிணறு உள்ளவர் மடை நீருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊர்க்கூட்டத்தில் குரல் வலுவுள்ளவரும் பெரும்பாலும் அவரே. அவர் விலகியபின் வரத்துக்கால் வெட்ட ஆள் திரட்டுவது கடினமாகிறது. ஆனால் அவருடைய கிணறு ஏரி ஊற்றையே நம்பியுள்ளது. ஏரி வறண்டால் சில ஆண்டுகளில் கிணறும் வறளும். ஆழ்துளை இட வேண்டிவரும். அச்செலவைத் தாங்காதவர் நிலத்தைத் தரிசாக விட்டு நகரத்திற்குக் கூலியாகச் செல்வார். ஊரக வாழ்வின் சிதைவு இவ்வாறே படிப்படியாக நிகழ்கிறது.

புனரமைப்புத் திட்டங்கள் கற்பிப்பவை

அரசு கைகட்டி இருந்துவிடவில்லை. 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியுடன் ஏரி நவீனமயத் திட்டம் நடந்தது. 2000ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டம் இயற்றப்பட்டது. 2007இல் உலக வங்கியின் கடனுதவியுடன் நீர்வள, நிலவளத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது. ஊரக வேலையுறுதித் திட்டத்தின்கீழ்ப் பல ஊர்களில் தூர்வாரும் பணி நடைபெறுகிறது. 2017இல் குடிமராமத்து என்னும் பழைய பெயராலேயே 100 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பயனாளிகள் 10 விழுக்காடு பங்களிக்க வேண்டும் என்பது அதன் விதி.

இத்திட்டங்களால் பல ஏரிகள் பயன்பெற்றன என்பதில் ஐயமில்லை. அவற்றின் பொது அமைப்பை மட்டும் இங்குக் கவனிக்கலாம். ஒருமுறைப் பணிக்கு நிதி வருகிறது. பணி முடிந்ததும் நிதி நின்றுவிடுகிறது. பாசனச் சங்கம் திட்டத்திற்காக அமைகிறது. திட்டம் முடிந்ததும் கூடுவதற்குக் காரணமின்றிப் போகிறது. கரையைக் காக்கும் கடமை சங்கத்துக்கு உண்டு. மீன் குத்தகைப் பணமும் மர ஏலப் பணமும் பெரும்பாலும் வேறு கணக்கில் சேர்கின்றன. காலனிய ஆட்சியில் தோன்றிய பிரிவு வேறு வடிவில் தொடர்கிறது. பழைய பெயர் மீண்டது. பழைய ஏற்பாட்டின் உயிர்நாடியாகிய வருவாய் மீளவில்லை.

மாற்று முயற்சிகளும் இருந்தன. 1992 முதல் மதுரையை மையமாகக் கொண்டு வயலகம் என்னும் பெயரில் ஏரி விவசாயிகள் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பின்னர் அவை தானம் அறக்கட்டளையின்கீழ் வளர்ந்தன. பணிச் செலவில் விவசாயிகளின் பங்கைப் பெறுவது, அதில் ஒரு முதலை வைத்து அதன் வட்டியில் பராமரிப்பது என்பவை அவ்வமைப்பின் நடைமுறைகள். சோழர் கால அறக்கொடையின் கணக்கியல் இங்கு மீண்டும் தோன்றுகிறது.

இரு ஒப்பீடுகள்

வருவாய்க்கும் பராமரிப்புக்கும் உள்ள உறவு தமிழகத்திற்கு மட்டும் உரியதா என்பதை அறிய வேறு களங்களை நோக்க வேண்டும். ராபர்ட் வேடு ஆந்திரத்தின் கர்நூல் மாவட்டத்தில் கால்வாய்ப் பாசன ஊர்களை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்டார். கால்வாயின் கடைப்பகுதியில், நீர்த் தட்டுப்பாடு மிகுந்த ஊர்களில், ஊர்ப்பொது நீர்க்கட்டிகளும் வயற்காவலர்களும் நியமிக்கப்பட்டிருந்தனர். அவர்களைத் தாங்கியது ஊர்நிதி. அறுவடைக்குப் பிந்தைய தாளடியில் கிடை போடவும் மேய்க்கவும் வரும் ஆட்டிடையர்களிடம் ஊர் ஏலத்தில் பெற்ற தொகை அந்நிதியின் முக்கிய வரவு. தண்ணீர் தட்டுப்பாடு ஊரைக் கூட்டியது. கையில் இருந்த வருவாய் அக்கூட்டத்தை நீடிக்கச் செய்தது. பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே அவற்றை ஆள முடியும் என 1990இல் எழுதிய எலினோர் ஆசுட்ரம் முன்வைத்த கருத்துகளுக்கும் இது இயைந்தது.

அடுத்த சான்று இந்தியாவிற்கு வெளியே, இதைவிட வறண்ட நிலத்தில் உள்ளது. நீருக்குப் பதிலாக மரத்தைப் பற்றியது. நைஜரில் காலனிய ஆட்சிக் காலச் சட்ட மரபின்படி வயலில் முளைக்கும் மரமும் அரசுக்கு உரியது. வெட்டினால் வன அலுவலர் தண்டம் விதிப்பார். ஆகவே உழவர் முளையிலேயே அதை அகற்றினர், நிலம் மொட்டையாகியது. 1983இல் மராடிப் பகுதியில் டோனி ரினாடோ, நிலத்தடியில் உயிரோடிருந்த வேர்க்கட்டைகளின் தளிர்களைக் கழித்து வளர்க்கும் முறையைப் பரப்பத் தொடங்கினார். நாற்றங்காலும் நடவும் தேவைப்படாத முறை அது. 1980களின் நடுவிலிருந்து அலுவலர்களின் கண்டிப்பு தளர்ந்தது. மரத்தின் கிளையும் விறகும் தீவனமும் வளர்த்தவர்க்கே எனும் நம்பிக்கை பிறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மராடி, சிந்தர் பகுதிகளில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் 20 கோடி அளவுக்கு மரங்கள் மீண்டதாக கிறிஸ் ரெய்ஜ் முதலியோரின் ஆய்வுகள் மதிப்பிட்டன.

நைஜரில் மாறியது முதன்மையாக உரிமை. தளிரைக் கழிக்கும் நுட்பம் எளியது. பயன் தம்மைச் சேரும் என்றறிந்தபின் உழவர் அதைத் தாமே பரப்பினர். ஏரிக்கும் வயல் மரத்துக்கும் வேறுபாடு உண்டு: மரம் தனித்தனிக் குடும்பத்தின் வயலில் நிற்பது, ஏரி பலருக்குப் பொதுவானது. ஆகையால் ஏரியின் பயன் தனியாரைச் சேர்வதால் மட்டும் பராமரிப்பு நிகழாது. அப்பயனில் ஒரு பங்கு பொதுக்கணக்கில் நிற்க வேண்டும். கர்நூல் ஊர்நிதி அதற்கான நடைமுறையைக் காட்டுகிறது.

எதிர்வாதங்கள்

வருவாயை ஊரிடம் ஒப்படைத்தால் ஊரின் வலியோர் அதைக் கைப்பற்றுவர் என்னும் எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஊர்ப்பொது என்னும் சொல் பல ஊர்களில் ஆதிக்க சாதியாரின் கூட்டத்தையே குறித்து வந்துள்ளது. மீன் ஏலத்தில் பட்டியலின மக்கள் கலந்துகொள்ள முடியாத நிலை பல இடங்களில் இருந்துள்ளது. மடை திறந்தவர், கரை காத்தவர், இரவில் நீர் பாய்ச்சியவர் பெரும்பாலும் அம்மக்களே. அது பிறப்பால் சுமத்தப்பட்ட பணியாக, தாழ்ந்த கூலியோடு இருந்தது. அவர்களின் பிள்ளைகள் அப்பணியை விட்டு நீங்கியதை மரபின் இழப்பாக வருந்துவது அறமாகாது. பணி இன்றியமையாதது எனில், அதைத் தகுந்த ஊதியமுள்ள, விரும்பியவர் ஏற்கும் பதவியாக அமைப்பதே வழி.

ஏரி வருவாய் கோயில் விழாவுக்குச் செல்கிறது என்பதும் தென்மாவட்டங்களில் அறியப்பட்ட செய்தி. மீனும் மரமும் தந்த பணம் ஊர்க்கோயிலின் கணக்கில் சேர்வது ஊர் ஒற்றுமையை வளர்க்கலாம். கரையின் உடைப்பை அது அடைக்காது. முதல் பங்கு ஏரிக்கு என்னும் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதையே இது வலியுறுத்துகிறது.

மூன்றாவது எதிர்வாதம், சிறிய ஏரியின் வருவாய் அதன் செலவுக்குப் போதாது என்பது. உடைந்த கலிங்கைக் கட்டவோ மடையைப் புதுப்பிக்கவோ அது போதாது என்பது உண்மை. அவை அரசின் மூலதனச் செலவாகவே இருத்தல் வேண்டும். ஆண்டுத் தூர்வாருதல், காவல், நீர்க்கட்டியின் ஊதியம் ஆகியவற்றைத் தாங்கும் அளவே ஊர்க்கணக்கிடம் எதிர்பார்க்கத்தக்கது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் ஐந்து பரிந்துரைகள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, ஒவ்வோர் ஏரிக்கும் தனிக்கணக்கு வேண்டும். மீன் குத்தகை, மர ஏலம், பனை, கோரை முதலியவற்றின் வரவில் வரையறுத்த பங்கு முதலில் அக்கணக்கில் சேர்ந்த பின்னரே எஞ்சியது பிற கணக்குகளுக்குச் செல்ல வேண்டும். 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணையில் சிறுபாசனம், மீன்வளம், சமூகக் காடு ஆகிய மூன்றும் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களாக இடம்பெற்றுள்ளன. ஆகவே இதற்கான அரசியலமைப்பு அடித்தளம் முன்பே உள்ளது.

இரண்டாவது, உறுப்பினர் வட்டத்தை விரிக்க வேண்டும். ஆயக்கட்டு நிலவுடைமையை மட்டும் அடிப்படையாகக் கொள்ளாமல், ஏரி ஊற்றால் பயன்பெறும் கிணற்று உடைமையாளர், மீன்பிடிப்போர், கால்நடை வளர்ப்போர், நிலமற்ற உழைப்பாளர், பெண்கள் ஆகியோரையும் சேர்க்க வேண்டும். கிணற்று உடைமையாளர் ஊற்று நீருக்கென ஒரு பங்களிப்பைச் செலுத்துவது நியாயம்.

மூன்றாவது, நீர்க்கட்டிக்கு ஊராட்சியின் வழியே ஊதியம் உறுதிசெய்யப்பட வேண்டும். நியமனத்தில் சாதி வழக்கம் பின்பற்றப்படலாகாது.

நான்காவது, வரத்துக்கால்களும் கலிங்குகளும் ஏரித்தொடர் அளவில் கவனிக்கப்பட வேண்டும். ஒரு தொடரில் அமைந்த ஊர்களின் கூட்டுக்குழு இதற்கு வேண்டும். மேல் ஏரியில் கலிங்கை உயர்த்தினால் கீழ் ஏரி வறளும். தனித்தனிச் சங்கங்களால் இத்தகைய பூசல்களைத் தீர்க்க இயலாது.

ஐந்தாவது, கணக்கு ஊர் அறியப் படிக்கப்பட வேண்டும். சனவரி 26இல் கூடும் கிராமசபை வடகிழக்குப் பருவம் முடிந்து ஏரியின் நீரளவு தெரிந்த நேரம். நீர்ப்பங்கீட்டை அங்குத் தீர்மானிக்கலாம். மே 1இல் கூடும் கிராமசபை ஏரி பெரும்பாலும் வற்றிய நேரம். வரவு செலவைப் படித்து, தூர்வாரும் பணியை அங்கு முடிவு செய்யலாம். விவசாயிகள் கட்டணமின்றி வண்டல் எடுப்பதற்கான அனுமதி அண்மை ஆண்டுகளில் எளிதாக்கப்பட்டுள்ளது. அதை வரைமுறையின்றி விடாமல், ஆழம், இடம், கரையிலிருந்து விட வேண்டிய தொலைவு ஆகியவற்றை மே மாதக் கூட்டத்திலேயே குறித்துக்கொண்டால் அது பராமரிப்பாகவும் அமையும். கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்கலாகாது என்னும் உத்திரமேரூர் விதியை இன்றைய சங்க விதிகளிலும் சேர்க்கலாம்.

முடிவுரை

ஏரியின் வரலாற்றை நிதியின் நோக்கில் காணும்போது மூன்று நிலைகள் புலனாகின்றன. ஏரிப்பட்டியும் களத்துப் பங்கும் இருந்த காலத்தில், சமத்துவமற்ற சமூகத்திலும் பராமரிப்புக்கு உறுதியான வருவாய் இருந்தது. காலனிய ஆட்சியில் வருவாய் கருவூலத்திற்குச் சென்று, உழைப்பு ஊரிடம் நின்றது. விடுதலைக்குப் பின் வருவாய் பல துறைகளில் சிதறியது. பராமரிப்பு இடைவிட்டு வரும் திட்டங்களை நம்பி நின்றது. கர்நூலின் ஊர்நிதியும் நைஜரின் மர உரிமையும், காப்பவர் கையில் பயன் சேரும்போது பொதுவளம் மீள்கிறது என்பதை வேறு சூழல்களில் உறுதிப்படுத்துகின்றன.

ஊர்வாரியாக ஏரியின் உண்மையான வரவும் செலவும் தொகுக்கப்பட்ட ஆய்வுகள் மேலும் வேண்டும். பொருளியல், வரலாறு, கல்வெட்டியல், நாட்டார் வழக்காற்றியல் ஆகிய துறைகளின் ஆய்வாளர்கள் ஒரே ஏரித்தொடரைக் களமாகக் கொண்டு இணைந்து ஆராய்வது பயன் தரும். மீன் ஏலம் எவ்வளவுக்குப் போயிற்று, அப்பணம் எங்குச் சேர்ந்தது, நீர்க்கட்டிக்கு யார் கூலி தந்தார், கடைசியாக வரத்துக்கால் எப்போது வெட்டப்பட்டது என்னும் எளிய நான்கு வினாக்களுக்கு ஊர்தோறும் விடை திரட்டினால், அடுத்த புனரமைப்புத் திட்டம் எங்குத் தொடங்க வேண்டும் என்பது தெளிவாகும்.